கப்பல் இருந்தபோது சாலை இல்லை

நெல்வயலும் வாய்க்காலும் கோயிலடித் திண்ணையுமே உலகமென்று அறுபது ஆண்டுகளைக் கழித்தவன் நான். அப்படிப்பட்ட என்னை 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹார்விச் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தியது காலம். வரிசையாக நின்ற மோட்டார் வண்டிகளுள் ஒன்றில் நான் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தேன். வண்டியை ஓட்டியவர் என் மருமகன். பின்னால் என் மகளும் ஏழு வயதுப் பேத்தியும் இருந்தனர். எங்களுக்கு எதிரே விளக்கொளியில் ஒரு மாளிகை எழுந்து நின்றது. அது மாளிகையன்று, கப்பல். 240 மீட்டர் நீளமாம்! அதன் முகப்பில் ஒரு பெரும் வாயில் திறந்திருந்தது. லாரிகளும் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதனுள் சென்று மறைந்துகொண்டிருந்தன.

“மாமா, இப்பொழுது நாமும் உள்ளே போகிறோம். இறங்க வேண்டாம், அப்படியே அமர்ந்திருங்கள்” என்றார் மருமகன். சாய்தளத்தின் மீது சக்கரங்கள் ஏறியபோது இரும்பு ஓசை கேட்டது. மறுகணம் நாங்கள் கப்பலின் வயிற்றுக்குள் இருந்தோம். கொள்ளிடத்தை ஓடத்தில் கடந்த இளமைக் காலம் ஒருகணம் என் நினைவில் மின்னியது.

வண்டியோடு ஓர் இரவு

இத்தகைய கப்பலில் பயணம் செய்யும் முறை எளிது. பணியாளர் கைகாட்டும் இடத்தில், முன்னிருக்கும் வண்டியை ஒட்டி நம் வண்டியை நிறுத்த வேண்டும். கைத்தடையை இழுத்து, கியரில் விட்டு, எச்சரிக்கை மணி அடிக்காதவாறு செய்துவிட வேண்டும். இல்லையேல் கப்பல் அசையும்போதெல்லாம் வண்டி அலறும். இரவுக்கு வேண்டிய மாற்றுடை, மருந்து, கடவுச்சீட்டு ஆகியவற்றை ஒரு சிறு பையில் எடுத்துக்கொண்டு மேல்தளம் செல்ல வேண்டும். கப்பல் புறப்பட்ட பின் வண்டித்தளம் பூட்டப்பட்டுவிடும். மறந்து வைத்ததை எடுக்க மீண்டும் இறங்க இயலாது. எந்தத் தளத்தில், எந்தப் படிக்கட்டின் அருகே வண்டி நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்வது நலம். அந்த இரவுப் பயணத்தில் ஒவ்வொருவரும் படுக்கையறை எடுத்தே ஆக வேண்டும். இரவு பதினொரு மணி அளவில் கப்பல் புறப்படுகிறது. உறங்கி எழுந்தால் காலை எட்டு மணிக்கு நெதர்லாந்தின் ஹூக் துறைமுகம். இரவு விடுதிச் செலவும் பகற்பொழுதும் மிஞ்சுகின்றன. களைப்பின்றி வண்டியை எடுத்து விடுமுறையைத் தொடங்கலாம். ஆனால் ஒன்று: இங்கிலாந்தில் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் ஓட்டுகிறார்கள், கப்பலைவிட்டு இறங்கியதும் வலப்புறம் ஓட்ட வேண்டும். முதல் அரைமணி நேரம் எவரும் பேச்சுக் கொடுக்கக் கூடாதென்று மருமகன் கட்டளையிட்டுவிட்டார்!

இந்த வசதிக்குப் பின்னால் ஓர் ஆபத்தும் உண்டு. மற்றக் கப்பல்களின் உட்பகுதியில் குறுக்குச் சுவர்கள் பல இருக்கும். ஓரிடத்தில் நீர் புகுந்தால் அது அங்கேயே தடுக்கப்படும். வண்டிகள் ஓடும் தளமோ ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திறந்த வெளி. அதில் முழங்காலளவு நீர் புகுந்தாலும் போதும். அது முழுவதும் ஒரு பக்கமாகப் பாய்ந்து கப்பலைச் சாய்த்துவிடும். 1987 மார்ச் 6-ஆம் நாள் பெல்ஜியத்தின் ஸேப்ரூக் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்ட ‘ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்னும் கப்பல், முன்கதவு மூடப்படாமலேயே கடலுக்குள் சென்றது. கதவை மூட வேண்டியவர் அயர்ந்து உறங்கிவிட்டார். மூடியாயிற்றா என்று வேறெவரும் பார்த்துச் சொல்லவில்லை. சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்து 193 பேர் மாண்டனர். அதன்பின் கதவின் நிலையை மாலுமியின் மேடையிலேயே விளக்கு வாயிலாகக் காட்டும் ஏற்பாடு வந்தது. படுக்கப் போகுமுன் வாசற்கதவை இருமுறை தள்ளிப் பார்க்கும் நம் பாட்டிமாரை இனி நாம் எள்ளி நகையாட வேண்டாம்.

கெவெலாரில் கேட்ட குரல்

ஹூக் துறைமுகத்தைவிட்டு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டியதும் ஜெர்மனியின் எல்லைக்குள் உள்ள கெவெலார் என்னும் சிற்றூரை அடைந்தோம். 1642 முதல் மாதா வணக்கத்துக்குப் பெயர்பெற்ற திருத்தலம் அது. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் அவ்வூர் தமிழூராகிவிடுகிறது. ஐரோப்பாவின் பல நாடுகளில் வாழும் ஈழத் தமிழர், கத்தோலிக்கர் மட்டுமல்லர், இந்துக்களும், ஆயிரக்கணக்கில் வந்து கூடுகின்றனர். பட்டுச் சேலைகளும் மல்லிகை மணமும் தமிழ்ப் பாடலும் நிறைந்த அந்தத் தெருவில் நின்றபோது, நான் நிற்பது வேளாங்கண்ணியா ஜெர்மனியா என்று திகைத்துப் போனேன்.

மரநிழலில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி என் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். “நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கமோ, தம்பி?” என்று கேட்டார். ஆம் என்றேன். “சின்னப் பிள்ளையாய் இருக்கேக்கை தலைமன்னாரிலை கப்பலேறி, றெயிலிலை வேளாங்கண்ணிக்கு வந்தனான். அம்மா கட்டுச்சோறு கொண்டு வந்தவ. இப்ப பாருங்கோ, உங்களை ஜெர்மனியிலையல்லோ சந்திக்கிறன்!” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியுமுன் அவர் கண்கள் கலங்கிவிட்டன.

திரும்பும் வழியில் மருமகன் கேட்டார்: “மாமா, நம் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் இதைவிடப் பக்கம்தானே? அங்கே ஏன் இப்படி வண்டியோடு போக முடியவில்லை?”

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. என் தந்தையின் தங்கை, என் அத்தை, யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கல்லறையை நான் அதுவரை கண்டதில்லை. லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் வந்துவிட்ட நான், கூப்பிடு தொலைவில் உள்ள அவ்வூருக்குப் போகவில்லை. மருமகன் அறியாமல் கேட்ட கேள்வி என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

அந்தக் காலத்து இரவுப் பயணம்

நம்மவர்க்குக் கடற்பயணம் புதிதன்று. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஓடியதை முதியோர் அறிவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு இரவுக் கப்பல் சென்றது. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி வெள்ளையரை எதிர்த்து நின்றது இந்தத் தூத்துக்குடி-கொழும்புக் கடல்வழிக்காகத்தான்.

1914-ஆம் ஆண்டு பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் வழி மாறியது. சென்னை எழும்பூரில் மாலையில் புறப்படும் ‘போட் மெயில்’ மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக இரவெல்லாம் ஓடி, மறுநாள் தனுஷ்கோடித் துறையை அடையும். பயணிகள் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சென்று, அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்புக்குப் போவார்கள். இங்கே ஓடியது மீட்டர் பாதை. இலங்கையில் அகலப் பாதை. ஆகவே பெட்டிகளையே கப்பலில் ஏற்றி அக்கரையில் ஓடவிடுவது ஆகாத காரியம். மனிதர் கடந்தனர், வண்டி கரையிலேயே நின்றது.

1962-இல் அத்தை மணமகளாகப் புறப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. பின்னிரவில் தஞ்சாவூர் நிலையத்தில் போட் மெயில் வந்து நின்றதும், பெட்டியின் சன்னலருகே தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் அமர்ந்திருந்த கோலமும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. “அடுத்த அறுப்புக்கு வந்துவிடுவேன்” என்றுதான் சொன்னாள்.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் அதில்தான் வந்திறங்கின. 1980-இல் என் திருமணத்துக்கு அத்தை வந்ததும் அந்தக் கப்பலில்தான். அதுவே அவளுடைய கடைசி வருகை. இலங்கையில் இனப்போர் மூண்டபின், 1984-இல் கப்பல் நின்றுபோயிற்று.

அவ்வளவு காலமும் இராமேசுவரத் தீவுக்குச் சாலைவழி இல்லை. மோட்டார் வண்டியில் வருவோர் மண்டபத்தில் அதை விட்டுவிட்டு ரயிலேறியே தீவுக்குள் போயினர். பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988 அக்டோபர் 2-ஆம் நாளில். அதற்கு நான்காண்டு முன்பே கப்பல் நின்றுவிட்டது. கப்பல் இருந்தபோது சாலை இல்லை; சாலை வந்தபோது கப்பல் இல்லை. மருமகனின் கேள்விக்கு வரலாறு தரும் விடை இதுதான்.

அத்தையின் கடைசிக் கடிதங்களுள் ஒன்றில் ஒரு வேண்டுகோள் இருந்தது: “அடுத்த கப்பலில் வருகிறவர் யாரிடமாவது ஒரு படி சீரகச் சம்பா கொடுத்துவிடு. இங்கே அந்த மணம் இல்லை.” கொடுத்துவிடுவதற்குள் கப்பல் நின்றுவிட்டது. 1995-இல் யாழ்ப்பாணத்து மக்களெல்லாம் ஒரே நாளில் வீடுவாசலைவிட்டு வெளியேற நேர்ந்தபோது அவளும் நடந்தாள். மறு ஆண்டு ஊர் திரும்பினாள். 1998-இல் கண்மூடினாள். செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தது இரண்டு மாதம் கழித்து.

மீண்டும் திறந்த வழி

கெவெலாரிலிருந்து திரும்பிய இரண்டே மாதத்தில், 2023 அக்டோபர் 14-ஆம் நாள், நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கிற்று என்ற செய்தியைப் படித்து எழுந்து நின்றுவிட்டேன். வடகிழக்குப் பருவமழை வந்ததால் சில நாளிலேயே அது நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டு 16-இல் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் நின்று, 2025 பெப்ரவரியில் மறுபடியும் தொடர்ந்தது. 2025 ஏப்ரலில் மகளும் மருமகனும் பேத்தியும் விடுமுறைக்கு வந்தபோது, இனியும் தாமதிக்கலாகாது என்று முடிவு செய்தோம்.

இப்பயணத்தை நினைப்போர்க்குச் சில செய்திகள். இக்கப்பல் மனிதரை மட்டுமே ஏற்றுகிறது. குஜராத்தில் 2020 முதல் கோகாவுக்கும் ஹசீராவுக்கும் இடையே லாரிகளையும் கார்களையும் ஏற்றிச் செல்லும் கப்பல் ஓடுகிறது. சாலைவழியில் 370 கிலோமீட்டர் சுற்ற வேண்டிய தொலைவு கடல்வழியில் 90 ஆகக் குறைகிறது. ஆனால் அது ஒரே நாட்டின் இரு கரைகள். அயல்நாட்டுக்கு வண்டியோடு போவதென்றால், அதை அங்கே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்குச் சுங்கத்துறை ஏற்கும் உறுதிச் சீட்டும் வேண்டும். ஆகவே நாகையில் உறவினர் வீட்டில் எங்கள் வண்டியை விட்டுவிட்டு, அக்கரையில் வாடகை வண்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டோம்.

கடவுச்சீட்டும் இலங்கைக்குரிய நுழைவு அனுமதியும் இன்றியமையாதவை. நம் ஓட்டுநர் உரிமம் மட்டும் அங்கே போதாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற்று, அதற்கு இலங்கையில் ஏற்புச் சான்றும் வாங்க வேண்டும். வண்டி வாடகைக்குத் தருபவரிடம் பல நாள் முன்னரே எழுதிக் கேட்டு இதை முடித்துக்கொள்வது நல்லது. இயலாதெனில் ஓட்டுநருடன் வண்டி அமர்த்திக்கொள்ளலாம். அங்கும் இடப்புறமே ஓட்டுகிறார்கள் என்பது நமக்கு ஆறுதல். கப்பலில் சுமைக்கு எடை வரம்பு உண்டு. கடல் கொந்தளித்தால் பயணம் தள்ளிப் போகலாம். திரும்பும் நாளை இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

நள்ளிரவு தாண்டித் தஞ்சையைவிட்டுப் புறப்பட்டோம். அறுவடை முடிந்த வயல்கள் இருளில் கிடக்க, திருவாரூர் வழியாக விடியுமுன் நாகையை அடைந்தோம். என் பையில் ஒரு படி சீரகச் சம்பா இருந்தது. சுமார் 110 கிலோமீட்டர் கடலை நான்கு மணி நேரத்தில் கடந்தோம். நாற்பது ஆண்டு அடைபட்டிருந்த தொலைவு, பேத்தி ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிட்டது.

பாதை ஓடிய இடம்

காங்கேசன்துறையில் அத்தை மகன் காத்திருந்தான். ஒருவரையொருவர் கண்டு நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. “மச்சான்” என்றான்; அதற்குமேல் இருவர்க்கும் பேச்சு வரவில்லை. மாலையில் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று செபித்தோம். இரவு அவன் வீட்டில் சீரகச் சம்பா பொங்கியது. அந்த மணம் கூடத்துக்கு வந்தபோது அவன் எழுந்து தாயின் படத்தருகே போய் நின்றுகொண்டான்.

மறுநாள் மருமகன் வண்டியோட்ட, அத்தை மகன் வழிகாட்ட, மன்னாரை நோக்கிப் புறப்பட்டோம். யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரியின் மீது நீண்ட பாலம் ஒன்று வந்தது. சங்குப்பிட்டிப் பாலம், 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. “பாலம் வாறதுக்கு முந்தி இதிலை பாதைதான் ஓடினது, மச்சான்” என்றான்.

“பாதை ஓடுமா? பாதையில் வண்டி அல்லவா ஓடும்?” என்றார் மருமகன்.

அவன் சிரித்தான். வண்டிகளையும் மக்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கே ஈழத்தில் ‘பாதை’ என்று பெயராம்! மட்டக்களப்பு வாவியிலும், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலும் இப்பெயர் வழங்குகிறது. ஹார்விச்சில் நான் கண்டு வியந்த மாளிகைக்கு ஏற்ற தமிழ்ச் சொல்லை, பாலத்தின் நடுவே என் அத்தை மகன் வாயிலிருந்து கற்றேன். மிதப்பது கலமேயானாலும், இரு கரையினரைச் சேர்த்துவைப்பதால் அது பாதை.

பாலத்துக்கு அப்பால் பூநகரி வழியாகச் சாலை தெற்கே செல்கிறது. அழகிய வெளி, ஆனால் போர் நடந்த நிலம். கண்ணிவெடி அகற்றும் பணி முடியாத இடங்கள் வடக்கில் இன்னும் உண்டு. எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் சாலையைவிட்டு இறங்கலாகாது. மாடுகளும் மிதிவண்டிகளும் குறுக்கிடும். இருட்டுமுன் ஊர் சேர்வது நன்று. மருமகனும் அன்று மெல்லவே ஓட்டினார். கூரையில்லாத வீடுகளைக் கடந்தபோது, எவரும் சொல்லாமலே வண்டியில் பேச்சு நின்றது.

மாலையில் தலைமன்னார்த் துறையில் நின்றோம். ரயில் மீண்டும் அங்கே வருகிறது. 2015 மார்ச் மாதத்தில் அப்பாதை திரும்பத் திறக்கப்பட்டது. பழைய இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் மட்டும் துருவேறிக் கடலில் நிற்கின்றன. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அத்தை தகரப் பெட்டியோடு கால் வைத்த இடம் அது. நேர் எதிரே, சுமார் 30 கிலோமீட்டரில், தனுஷ்கோடி.

“தாத்தா, அந்தப் பக்கம் நம் ஊரா?” என்று பேத்தி கேட்டாள்.

“ஆம், நம் ஊர்தான்” என்றேன்.

“அப்படியானால் இது?”

நான் விடை தேடுமுன் அத்தை மகன் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். “இதுவும்தான், பிள்ளை” என்றான்.

அன்பர்களே, என்றேனும் ஒருநாள் நாகையில் இரவில் வண்டியோடு கப்பலேறி, காலையில் காங்கேசன்துறையில் இறங்கி ஓட்டிச் செல்லும் காலம் வரலாம். அதுவரை காத்திருக்க வேண்டா. அக்கரையில் உங்களுக்கு ஓர் உறவு, ஒரு பழைய நட்பு, ஒரு கல்லறை உண்டெனில், பாதை திறந்திருக்கும்போதே போய்வாருங்கள். திறந்த பாதைகள் எக்காலமும் திறந்தேயிருக்கும் என்று எண்ணி, ஒரு படி அரிசியைக் கொடுத்துவிட மறந்தவன் சொல்கிறேன்.